படம் வரைந்தவர் பெயர்

சோஹார்
22 ஆகஸ்ட் 2025

தம்பி உஸைருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது முறை, அதனால் சொல்கிறேன். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

"ராத்தாவுக்கு உடம்பு சுகமில்லையா, போன் போகவே மாட்டேங்குதே" என்று உன் மச்சானுக்கு மெசேஜ் போட்டாயாமே. உடம்பு கல்லுப்போல இருக்கிறது. உன் நம்பரை நான்தான் பிளாக் செய்தேன். பேசினால் நீ எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பாய், நானும் சிரித்துத் தொலைப்பேன். எழுத்தில் அந்த வித்தை பலிக்காது. கார்மேகம் அண்ணன் வாரா வாரம் ஷார்ஜாவிலிருந்து நம் கடைக்குச் சரக்கு கொண்டு வருகிறார். அவர் கையில் கொடுக்கிறேன். பதில் என்று ஒன்று உன்னிடம் இருந்தால் அதுவும் அவர் கையிலேயே வரட்டும்.

உன் பிரஸ்ஸில் அச்சடிக்க என்ன சொல்லி என்னிடம் படம் கேட்டாய்? "அரபு ஆளுங்க அந்தக் காலத்தில ஈச்சங்கீற்றுல குடிசை கட்டி இருந்தாங்கல்ல, அது பத்திப் பிள்ளைங்க புத்தகம், உங்களை விட்டா யாரு ராத்தா ஈச்ச மரம் வரைவா" என்றாய். நானும் குளிர்ந்து போனேன். பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதிலேயே கிடந்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் திருத்தம் வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் பால்கனியில் ஏசி பெட்டிக்குப் பக்கத்தில் குடிசை கட்டுகிற மாதிரி மாற்றச் சொன்னாய். கூரையைக் கொஞ்சம் பிரித்துவிட வேண்டும், உள்ளே படுத்துப் பார்த்தால் நட்சத்திரம் தெரிய வேண்டும் என்றாய். நம் ஊரில் கிடுகு வேய்ந்தால் பொட்டு வெளிச்சம் உள்ளே வரக்கூடாது. எந்தக் கிறுக்கன் ஓட்டையாகக் கூரை போடுவான் என்று கேட்டதற்கு, "கஸ்டமர் ஆசைப்படுறாங்க" என்றாய். பிறகு கதையில் வருகிற பையன் கையில் ஒரு பெரிய எலுமிச்சை, தோல் கரடுமுரடாக, நுனியில் ஒரு மொட்டு வைத்து என்றாய். அது நார்த்தங்காய்தான் என்று நானே முடிவு கட்டி, அவன் உம்மா அதை நறுக்கி உப்புப் பிசிறி ஜாடியில் அடைக்கிற மாதிரி ஒரு பக்கம் முழுக்க வரைந்து அனுப்பினேன். நார்த்தங்காயை மனுஷர் வேறு என்ன செய்வார்கள்? அதற்கும் திருத்தம். நறுக்கக் கூடாது, நுனி முறியக் கூடாது, பஞ்சு வைத்த வெள்ளிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அப்போதாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும்.

போன வாரம் நீ அனுப்பிய பக்கங்களில் என் படத்துக்குக் கீழே எழுத்து இருந்தது. ஆங்கிலத்துக்கு அடியில் வேறொன்று. அரபி இல்லை. போனில் காட்டிப் பார்த்தேன். எபிரேயம். யூதர்களின் கூடாரப் பண்டிகை.

உஸைர், என்னிடம் ஓத வருகிற பிள்ளைகள் கிளம்புவதற்கு முன் தினமும் கையேந்தி காஸாப் பிள்ளைகளுக்காக துஆ கேட்கிறோம். இரண்டு வருஷமாக ஒரு நாள் விட்டதில்லை. குட்டி அஃப்னா அழுதுகொண்டே ஆமீன் சொல்லும். அந்தப் பிள்ளைகளை வாசல் வரை அனுப்பிவிட்டு, அடுத்த அறையில் போய் உட்கார்ந்து நான் இதைத்தான் வரைந்திருக்கிறேன். எந்த முகத்தோடு நாளைக்கு அவர்கள் முன்னால் உட்காருவேன்?

யூதப் பிள்ளைகள் புத்தகம் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு சொல் என் வாயில் வராது. ஆனால் நீ என்னைக் கேட்டிருக்க வேண்டும். பொய் சொல்லி என் கையைப் பிடித்து வரைய வைத்தாய். என் படங்களைத் திருப்பி அனுப்பு. புத்தகம் அச்சாகக் கூடாது.

ஹாலிதா


ஷார்ஜா தொழில்பேட்டை
29 ஆகஸ்ட் 2025

அன்பு ராத்தாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். ஆமா, பொய்தான் சொன்னேன். சுத்திவளைக்கல.

நடந்ததைச் சொல்றேன், அப்புறம் திட்டுங்க. ஜூன் மாசம் ஒரு அம்மா பிரஸ்ஸுக்கு வந்தாங்க, கையில ஒரு பொம்பளப் பிள்ளை. ரிவ்கான்னு பேரு. பம்பாய் பக்கத்துல தானேங்கற ஊரு. தலைமுறை தலைமுறையா அங்கேயே இருக்குற யூதக் குடும்பமாம். என்கிட்ட இந்தியிலதான் பேசுனாங்க, 'பாய், பாய்'னு. புருஷன் துபாயில வேலை. அவங்க ஆளுங்க பிள்ளைங்க கொஞ்சம் பேர் இருக்குதுங்க, அதுங்களுக்கு ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு படப் புத்தகம் போடணும்னு ஆசை.

வெளிநாட்டுல இருந்து வர்ற புத்தகம் ஒண்ணு காட்டுனாங்க. அதுல பிள்ளைங்க எல்லாம் கோட்டு, தொப்பி, மப்ளர் போட்டுக்கிட்டு குளிர்ல குடிசை கட்டுதுங்க. மரத்துல சிவப்பு இலை. அவங்க மக ஷிரா அதைப் பாத்துட்டு, "நாம மட்டும் ஏம்மா வேர்த்து வழிஞ்சுக்கிட்டுக் கட்டுறோம், நம்ம பண்டிகை டூப்ளிகேட்டா"ன்னு கேட்டுச்சாம். அதான், இந்த ஊரு வெயில், ஈச்ச மரம், மணலு, பால்கனில ஏசி பெட்டி எல்லாம் வச்சு ஒரு புத்தகம் வேணும்னாங்க. எனக்கு முன்னாடி ரெண்டு பிரஸ்ல முடியாதுன்னுட்டாங்க. அந்தப் பிள்ளை என் டேபிள் மேல தாடையை வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருக்குது. மூணாவது ஆளா இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

அன்னைக்கே உங்களுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லியிருக்கலாம். போட்டேன். நீங்க எடுத்து "என்னடா"ன்னதும் நாக்கு வேற பக்கம் போயிருச்சு. நீங்க மாட்டேன்னு சொல்லிருவீங்கன்னு ஒரு பயம். சரின்னு சொல்லிட்டா, நாளைக்கு ஊர்க்காரங்க காதுல விழுந்து உங்களைப் பேசுவாங்களேன்னு அதைவிடப் பயம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பொய்யைச் சொல்லிட்டேன். அசிங்கமா இருக்கு ராத்தா.

உங்க ஊறுகாய்ப் பக்கத்தைப் பாத்து ரிவ்கா சிரிச்ச சிரிப்புல மெஷின்காரன் எட்டிப் பாத்தான். பண்டிகைக்கு அந்தக் காய்ல ஒரு கீறல் படக் கூடாதாம். பூதக்கண்ணாடி வச்சுப் பாத்து வாங்குவாங்களாம். நீங்க அதை நறுக்கி உப்பே போட்டுட்டீங்க. ஆனா வேண்டாம்னு சொல்லல. "பண்டிகை முடிஞ்சப்புறம் நாங்களும் நறுக்கி ஜாம் போடுவோம், இதைக் கடைசிப் பக்கமா வச்சிருவோம்"னாங்க. இப்ப அதுதான் கடைசிப் பக்கம்.

உள்பக்கம் எல்லாம் அடிச்சாச்சு. அட்டையும் பைண்டிங்கும்தான் பாக்கி. அக்டோபர் ஆறாந்தேதி அவங்க பண்டிகை. அதுக்குள்ள தர்றேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஒண்ணு சொல்றேன் கேளுங்க. உங்க பேரு போட வேண்டாம். எங்க பிரஸ் பேரும் போடல. ரிவ்காவே பயந்துக்கிட்டு அவங்க பேரைப் போட வேண்டாம்னுட்டாங்க. யாரு பேருமே இல்லாம போயிரட்டும். யாருக்குத் தெரியப் போவுது?

நீங்க வேண்டாம்னா நிறுத்திருவேன். படம் உங்களோடது.

உஸைர்


சோஹார்
5 செப்டம்பர் 2025

உஸைருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

யாருக்குத் தெரியப் போகிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்ததும் எனக்கு உடம்பு கூசிப் போயிற்று. எனக்குத் தெரியுமே. நான் ஒரு ஆள் இல்லையா?

அந்தக் கோட்டுப் போட்ட பிள்ளைகளின் கதையை நீ வேண்டுமென்றே எழுதினாய். என்னை உனக்குத் தெரியும். அது மனசில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ரிவ்கா நல்ல பெண்ணாகவே இருக்கட்டும். ஆனால் நேற்று அஃப்னாவின் உம்மா சப்ரீனா வந்து, "மிஸ், நீங்க துஆ கேக்க ஆரம்பிச்சதுல இருந்துதான் என் பிள்ளை அடுத்தவங்க கஷ்டத்தை நினைச்சுப் பாக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கையை உருவிக்கொள்ளத் தோன்றியது. படுக்கை அறையில் அந்தப் படங்களுக்குக் குழைத்த பெயிண்ட் தட்டு இன்னும் கழுவாமல் கிடக்கிறது, இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

உன் மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை. அஹமது கபீர் கடை என்றால் சோஹாரில் நாலு பேர் மதித்து வருகிற கடை. அவர் திட்ட மாட்டார். ஒரு வாரம் சாப்பாட்டில் குறை சொல்லாமல் எழுந்து போவார், அதை என்னால் தாங்க முடியாது.

வேண்டாம். அடித்ததைக் கிழித்துப் போடு, யாருக்காவது தூக்கிக் கொடு, என்னவோ செய். என் கண்ணில் படவும் வேண்டாம், காதில் விழவும் வேண்டாம்.

ஹாலிதா


ஷார்ஜா
14 செப்டம்பர் 2025

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காதுல விழ வேண்டாம்னு எழுதுனீங்க. ஆனா இதைச் சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது. சொல்ல வேற ஆள் இல்ல.

நீங்க சொன்னபடி நிறுத்திட்டேன். ரிவ்காவுக்குப் போன் பண்ணி மெஷின் கராப், பார்ட்ஸ் மாஃபி, எங்கயும் கிடைக்கல, எப்ப வரும்னு தெரியாதுன்னு சொன்னேன். இன்னொரு பொய். இப்ப நல்லாப் பழகிருச்சு.

எங்க பிரஸ்ல ஒரு வழக்கம் உண்டு, நீங்க வந்தப்ப பாத்திருக்கீங்க. அரபி எழுத்து விழுந்த கழிவுத் தாளு எல்லாத்துக்கும் தனிச் சாக்கு. அதைக் கீழ போட மாட்டோம், மிதிக்க மாட்டோம். ஒரு எழுத்து இருந்தாலும் அந்தச் சாக்குதான். வாப்பா சொல்லிக் குடுத்தது. மத்த தாளெல்லாம் பக்கத்து லேபர் கேம்ப் ஆளுங்க வந்து அள்ளிக்கிட்டுப் போவாங்க, ரூம்ல சாப்பிட உக்காரும்போது தரையில விரிக்க. அந்தப் புத்தகத் தாளு மொத்தத்தையும் அப்படித்தான் தூக்கிக் குடுத்தேன். மாயாண்டி அண்ணனும் இன்னும் ரெண்டு பேரும் வந்தாங்க. "யல்லா, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க, கலாஸ்"னேன். அப்ப அந்தச் சாக்கு என் கைக்கு எட்டுற தூரத்துலதான் தொங்குது. எனக்குத் தோணவே இல்ல. உள்ளதைச் சொல்லணும்னா, தோணுச்சு. 'இது நம்ம எழுத்து இல்லையே'ன்னு விட்டுட்டேன்.

மறுநாள் ரிவ்கா வந்தாங்க. மெஷினைப் பத்தி என்மேல கோவமா வருவாங்கன்னு பாத்தா, "டென்ஷன் ஆகாதீங்க பாய், மெஷின்தானே"ன்னு பேரீச்சம்பழ லட்டு ஒரு டப்பா கொண்டு வந்திருக்காங்க. பேசிக்கிட்டே இருக்கும்போது கட்டிங் மெஷினுக்கு அடியில ஒரு தாளு கிடக்குறதைப் பாத்துட்டாங்க. அந்த எழுத்து உள்ள தாளு. பேச்சைப் பாதியில விட்டுட்டுக் குனிஞ்சு எடுத்தாங்க. தூசியைத் தட்டி, முத்தம் குடுத்து, டேபிள் மேல உசரமா வச்சாங்க. ராத்தா, நம்ம உம்மா செய்வாங்களே, குர்ஆன் தாளு ஒண்ணு கீழ விழுந்தா. அப்படியே அதே வேகம்.

அப்புறம் சொன்னாங்க: "வேஸ்ட் ஆன தாளையும் எனக்குக் குடுத்திருங்க பாய். ஆண்டவன் பேரு இருக்கு, நாங்க குப்பையில போட மாட்டோம், மண்ணுல புதைப்போம். உங்களுக்கு இதெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு முசல்மான் பிரஸ்ஸா பாத்துக் குடுப்போம், அங்க கவலை இல்லைன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

நான் தலையை ஆட்டுனேன்.

அவங்க போனதும் கேம்ப்புக்கு ஓடுனேன். டூட்டி முடிஞ்சு எல்லாரும் ரூம்ல சாப்பிட உக்காந்திருக்காங்க. தரை முழுக்க உங்க படம். ஈச்ச மரத்து மேல சோறு. கூரைக்கு நடுவுல நட்சத்திரம் வரைஞ்சீங்கல்ல, அது மேல மீன் குழம்புச் சட்டி. எழுத்து மேல ஒரு ஆளு சம்மணம் போட்டு உக்காந்திருக்காரு. "வாங்க பாய், சாப்பிடலாம்"ங்கறாங்க, தட்டை நகர்த்தி இடம் விடுறாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் வாசல்லயே நின்னு அழுதுட்டேன். அப்புறம் விஷயத்தைச் சொன்னேன். தட்டைத் தூக்கிக் கையில வச்சுக்கிட்டாங்க. மாயாண்டி அண்ணன்தான் ஒவ்வொரு தாளா எடுத்துத் துடைச்சுக் குடுத்தாரு. அவரு கட்டிலுக்கு மேல ஒரு பக்கத்தை ஒட்டி வச்சிருந்தாரு, அந்தப் பிள்ளை ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குமே, அது. "இது எம் மவ பானுப்பிரியா ஜாடையில இருக்கு பாய், இதை மட்டும் விட்ருங்க"ன்னாரு. அதுல எழுத்து ஒண்ணும் இல்ல. விட்டுட்டேன்.

மிச்சத்தை ஒரு சாக்குல போட்டு பீரோ மேல வச்சிருக்கேன். குழம்பு வாடை அடிக்குது. ரிவ்காகிட்ட சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

உஸைர்


சோஹார்
19 செப்டம்பர் 2025

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதத்தை அடுப்படியில் நின்றபடி படித்தேன். படித்து முடித்து மடித்து வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கப் போனேன். அஃப்னா ஓதுகிற கிதாபைத் தரையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தது. வழக்கமாக அதட்டுவேன். அன்றைக்கு நானே குனிந்து எடுத்துப் பலகையில் வைத்தேன். எந்தத் தகுதியில் அதட்டுவது?

நீ பாதித் தப்பைத்தான் உன்மேல் போட்டிருக்கிறாய். யாருக்காவது தூக்கிக் கொடு என்று எழுதினது நான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தேதான் எழுதினேன். அன்றைக்கு எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது என்றும் சொல்ல முடியாது. பயம் இருந்தது. சப்ரீனா என்ன நினைப்பாள், உன் மச்சான் என்ன நினைப்பார், கடைக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள். அந்தப் பயத்தைக் காஸாப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி மூடி வைத்தேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

துஆ நிற்காது. இன்றைக்கும் கேட்டோம், நாளைக்கும் கேட்போம். அந்தப் பிள்ளைகளுக்காக நான் அழுவது பொய் இல்லை. தானேக்காரியின் மகள் அவள் வயசுக்கு ஒரு புத்தகத்தைப் பார்ப்பதால் அந்த அழுகை குறையவும் போவதில்லை.

ரிவ்காவிடம் போய் உள்ளதைச் சொல். மெஷின் விஷயம், சாக்கு விஷயம், எல்லாம். திட்டினால் வாங்கிக்கொள். அப்புறம் புத்தகத்தை அடி. பண்டிகைக்குள் கொடுத்துவிடு.

என் பெயர் மட்டும் வேண்டாம். பெயர் இல்லாமல் விடுவதைப் போன கடிதத்தில் காறித் துப்பியவள் நான்தான். இப்போது நானே கேட்கிறேன். ஏன் என்று நீ கேட்காதே.

ஹாலிதா


ஷார்ஜா
9 அக்டோபர் 2025

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ரிவ்கா வீட்டுக்கே போய்ச் சொன்னேன். சாக்கையும் கொண்டு போனேன். கத்துவாங்கன்னு நினைச்சேன், கத்தல. அப்புறம் அந்தச் சாக்கை ரெண்டு கையாலயும் வாங்கி உள்ள கொண்டு போய் வச்சுட்டு வந்தாங்க. "சொல்லாம இருந்திருக்கலாமே பாய், ஏன் சொன்னீங்க"ன்னு கேட்டாங்க. எங்க ராத்தா சொல்லச் சொன்னாங்கன்னேன். "அப்ப உங்க ராத்தாவுக்காக மன்னிச்சுட்டேன், உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்"னாங்க. சிரிக்காமத்தான் சொன்னாங்க. அது நியாயம்தான்.

திரும்பப் புதுத் தாளுல அடிச்சோம். கழிவு ஒரு தாளு விடாம எடுத்து வச்சு அவங்ககிட்ட ஒப்படைச்சேன். பண்டிகைக்கு முந்தின நாளே புத்தகம் போயிருச்சு. ஷிரா புத்தகத்தைப் பிரிச்சதும், "ஐ, எங்க வீட்டு ஏசி"ன்னு கத்துச்சாம். பால்கனியில ஏசி தண்ணிக்கு ஒரு வாளி வச்சு வரைஞ்சிருக்கீங்கல்ல, அந்த வாளியை எல்லாப் பிள்ளையும் தொட்டுத் தொட்டுப் பாக்குதாம்.

பேரு விஷயம். உங்க பேரு போடல. ஆனா ரிவ்கா ஒண்ணு செஞ்சாங்க. முதல் பக்கத்துல 'படங்கள்'னு இங்கிலீஷ்ல போட்டு, பக்கத்துல ஒரு கோடு இழுக்கச் சொன்னாங்க. கோட்டுக்கு மேல ஒண்ணும் இல்ல. "உங்க ராத்தாவுக்கு மனசு வர்ற அன்னைக்கு எழுதிக்கட்டும், எனக்கும் பயம்னா என்னன்னு தெரியும்"னாங்க. பிரஸ் பேரு போடுவோம்னு நான் கடைசி நிமிஷம் வரை நினைச்சேன். அச்சுப் பிளேட்டுல ஏத்தியும் விட்டேன். அப்புறம் எடுத்துட்டேன். எங்க பேட்டையில பத்துக் கடை தள்ளி ஊர்க்காரன் ஒருத்தன் இருக்கான், அவன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. இவ்வளவுதான் உங்க தம்பி.

உங்களுக்கு ஒரு புத்தகம் அனுப்பியிருக்கேன். டிசம்பர்ல அவங்களுக்கு விளக்குப் பண்டிகை வருதாம், அதுக்கும் ஒண்ணு வரைவீங்களான்னு கேட்டாங்க. ராத்தாகிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்.

உஸைர்


சோஹார்
24 அக்டோபர் 2025

அன்புத் தம்பி உஸைருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிரஸ் ஆட்களும் நலமா? கார்மேகம் அண்ணன் நாளைக் காலையில் கிளம்புகிறார், அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

புத்தகம் வந்தது. அழகாக அடித்திருக்கிறாய், நிறம் ஒன்றுகூடக் கெடவில்லை. உன் மச்சானுக்குத் தெரியாமல் ஓதுகிற அறை அலமாரியில், துணிகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஒளித்து வைக்கவும் எனக்கு ஒழுங்காகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அஃப்னா எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டது. நான் தொழுதுவிட்டு வருகிறேன், அது தரையில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருக்கிறது.

"மிஸ், இது சூப்பரா இருக்கு, இது என்ன எழுத்து, அலிஃப் மாதிரி இல்லையே" என்றது. வேறு பாஷை என்றேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு முதல் பக்கத்துக்குப் போய், விரலை அந்தக் கோட்டில் வைத்து, "படம் போட்டது யாரு மிஸ்" என்று கேட்டது.

தெரியாது என்று சொன்னேன்.

யோசிக்கக்கூட இல்லை தம்பி. நீ போனில் நாக்கு வேறு பக்கம் போயிற்று என்று எழுதினாயே, எனக்கு அந்த அளவு நேரம்கூட எடுக்கவில்லை. தயாராக வைத்திருந்த மாதிரி வந்து விழுந்தது.

அது பள்ளிக்கூடத்தில் ஒர்க்‌ஷீட் செய்து பழகிய பிள்ளை. கோடு இருந்தால் நிரப்ப வேண்டும் என்றுதான் அதற்குத் தெரியும். "யாரும் எழுதலைன்னா நான் எம் பேரை எழுதிக்கவா மிஸ்" என்று கேட்டது. சரி என்றேன். பென்சில் முனை மழுங்கியிருந்தது, நான்தான் சீவிக் கொடுத்தேன். நாக்கை ஒரு ஓரமாக நீட்டிக்கொண்டு பெரிசு பெரிசாக எழுதியது. என் கண்முன்னால்தான் எழுதியது, எனக்கு அப்பாடா என்றுகூட இருந்தது. இனி யாராவது பார்த்தாலும் ஏதோ பிள்ளையின் புத்தகம் என்று போய்விடும் என்று நினைத்தேன். இதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டு போகவா என்று கேட்டது. அதற்கும் சரி என்றேன்.

மறுநாள் சாயங்காலம் சப்ரீனா அஃப்னாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் இடது கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. அழுது அழுது விக்கல் எடுக்கிறது. "மன்னிச்சுக்குங்க மிஸ், யாரோ உசுரைக் குடுத்து வரைஞ்சிருக்காங்க, இது தான் வரைஞ்சேன்னு பேரை எழுதிக்கிட்டு அவ வாப்பாகிட்டயும் பக்கத்து வீட்லயும் காட்டிக்கிட்டு அலையுது. உண்மையைச் சொல்லு, யாரு வரைஞ்சான்னு கேட்டா, தெரியாதுன்னுது. மிஸ்ஸுக்கே தெரியாதாம்னு உங்களையும் சேத்துப் பொய் சொல்லுது. அதான் வச்சேன் ஒண்ணு. உங்ககிட்ட ஓத வர்ற பிள்ளை இப்படிப் பொய் பேசலாமா மிஸ்" என்றாள்.

அஃப்னா என்னைப் பார்த்தது. நான் அதற்குத் துணைக்கு வருவேன் என்று நினைத்துப் பார்த்தது. அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

உன் மச்சான் கடையிலிருந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழட்டும் என்று சொன்னேன். "பிள்ளை பொய் சொல்லல சப்ரீனா. நான்தான் சொன்னேன். இதை வரைஞ்சது நான். யூதர்களோட பண்டிகைப் புத்தகம் இது. பேர் சொல்லப் பயந்துக்கிட்டு உன் பிள்ளை பேரை எழுத விட்டேன்." ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

சப்ரீனா புத்தகத்தைப் பிரித்து அந்த எழுத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். யூதர் புத்தகம் என்றதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. "என் பிள்ளையை அநியாயமா அடிச்சுட்டேனே" என்று மட்டும் சொன்னாள். புத்தகத்தைத் திண்டில் வைத்துவிட்டு அஃப்னாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஏழு வயசுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். நேற்றும் இன்றும் அஃப்னா ஓத வரவில்லை. மற்றப் பிள்ளைகள் வந்தார்கள், துஆ கேட்டோம்.

உன் மச்சான் நான் பயந்த மாதிரி எதுவும் செய்யவில்லை. புத்தகத்தை எடுத்து விளக்கடியில் வைத்து முழுக்கப் பார்த்தார். "நார்த்தங்காய் நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு, "என்கிட்ட ஏன் சொல்லல" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். உன்மேல் நான் கோபப்பட்டதெல்லாம் இந்த ஒரு கேள்விதானே.

என் பெயரைச் சொல்லிவிட்டேன் உஸைர். ஒரு பிள்ளை கன்னத்தில் அடி வாங்கிய பிறகுதான் சொன்னேன். என்னைப் பாராட்டி ஒரு வரி எழுதிவிடாதே, தாங்க மாட்டேன்.

ரிவ்காவிடம் இருக்கிற புத்தகங்களுக்கு என் பெயரை ஸ்டிக்கரில் அடித்து அந்தக் கோட்டின் மேல் ஒட்ட முடியுமா என்று கேள். முழுப் பெயரும் போடு. பிரஸ் பெயரை என்ன செய்வது என்பது உன் பாடு, நான் சொல்ல மாட்டேன். விளக்குப் பண்டிகைக்கு வரைவதைப் பற்றி இப்போது என்னால் யோசிக்க முடியவில்லை, அதையும் அவளிடம் அப்படியே சொல்.

நாளைக்கு அஸர் தொழுதுவிட்டு அஃப்னா வீட்டுக்குப் போகிறேன். ஏழு வயசுப் பிள்ளையிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கதவைத் தட்டுவேன். சப்ரீனா திறந்தால் உள்ளே போவேன், திறக்காவிட்டால் திறக்கிறவரை வாசலில் நிற்பேன்.

உன் ராத்தா
ஹாலிதா